வடிவு டீச்சரின் காரிலிருந்து கசிந்த குளிர்

உலையடிப்பட்டி என்று ஒரு ஊர். பெருமைப்பட்டுக்கொள்ள அதற்கு ஆறு கிடையாது, மலை கிடையாது, கோயில் கோபுரம்கூடப் பக்கத்து ஊரைவிட இரண்டு நிலை குறைவு. அதனால் அந்த ஊர்க்காரர்கள் வெயிலை வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். சித்திரை பிறந்துவிட்டால் போதும், மாநிலத்திலேயே அதிக வெப்பம் பதிவான ஊர் என்று தங்கள் பெயர் வருகிறதா என்று சாயங்காலச் செய்தி நேரத்தில் டீக்கடை டிவி முன்னால் கூட்டமாக நிற்பார்கள், நூற்றியெட்டு டிகிரி என்று வந்தால் தாங்களே விறகு வைத்துச் சூடேற்றியதுபோல ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொள்வார்கள், வேறு எந்த ஊராவது அரை டிகிரி கூடுதலாக வாங்கிவிட்டால் அன்றைக்குப் பல வீடுகளில் சோறு மிச்சமாகும். இப்படிப்பட்ட ஊரில் இருபத்தாறு வருடமாகக் கார் ஏசி பட்டறை நடத்திவந்த தவசிக்கனி, ஊரை மொத்தமாக இளக்காரமாகப் பார்த்துப் பழகியிருந்தான்.

அவனுக்குக் கார்க்காரர்களைப் பிடிக்காது. ஏசியையும் போட்டு ஜன்னலையும் பாதி இறக்கிவிட்டுக்கொண்டு 'கூலிங் பத்தல' என்று வந்து நிற்கிறவர்களைக் கண்டால் அவனுக்குப் பேசவே தோன்றாது, உதட்டைச் சுழித்து ஜன்னல் கண்ணாடியைக் காட்டுவதோடு சரி. மற்ற ஏசி மெக்கானிக்குகளை அதைவிடப் பிடிக்காது. எங்கே கசிகிறது என்று பார்க்காமல் மேலுக்குக் கேஸை அடைத்து அனுப்பிவிட்டு, அடுத்த மாதம் அதே வண்டி திரும்பி வரும்போது அதே சிரிப்போடு வரவேற்கிற ஜென்மங்கள் என்பான். "ஓட்டையப் பாக்கத் தெரியாதவன் கேஜத் தொடக் கூடாதுல்லா" என்பதை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது சொல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு செரிக்காது. ஆனால் கை சுத்தமான கை. எத்தனையோ பேர் கைவிட்ட வண்டிகள் அவனிடம் வந்து குளிர்ந்து போயிருக்கின்றன. அவனால் முடியவில்லை என்று ஒரு வண்டிகூட அதுவரை திரும்பிப் போனதில்லை.

அவனிடம்தான் தை மாதக் கடைசியில் செண்பகவடிவு டீச்சர் தன் வெளிர்நீலச் சின்னக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

வடிவு டீச்சருக்கு வேர்க்காது. பிறவியிலேயே அவள் தோலில் வேர்வைச் சுரப்பி கிடையாது, மற்றவர்களுக்கு வேர்த்து ஆறுகிற சூடு அவளுக்கு உள்ளேயே தங்கி உலைபோல ஏறும், ஏறினால் தலை சுற்றும், அதற்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவள் கணக்கு சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பஸ்ஸில் போன காலத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்து ஆட்கள் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். 'பேசாம வீட்டுல ஈரத்துண்டப் போத்திக்கிட்டு இரு' என்று அண்ணன்மார் சொன்னதைக் கேட்காமல், யாரோ ஓட்டித் தேய்ந்த காரை ஏசி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டு, ஐந்து வருடமாகப் போய்வந்துகொண்டிருந்தாள். அந்தக் காருக்குள் இருந்த குளிர்தான் அவளுடைய வேலை. அண்ணன் வீட்டு மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் போடுவதைச் சாப்பிடாமல் இருப்பதற்கு அவளுக்கு இருந்த ஒரே வழி.

"போன வருசம் வரைக்கும் நல்லா குளிர்ந்துச்சு அண்ணாச்சி. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா அனலடிக்குது" என்றாள்.

"கசிவு இருக்கு. கண்டுபிடிச்சிருவோம்" என்று சொல்லி தவசிக்கனி பானட்டைத் தூக்கினான். கேஸ் ஏற்றும் குழாயை மாட்டுகிற வாயில் இருந்த சின்ன நீல மூடியைக் கட்டைவிரலால் நெம்பி எடுத்து, திரும்பிப் பார்க்காமல், சன்னல் திட்டில் இருந்த பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் எறிந்தான். அவன் பட்டறையில் அது வழக்கம். வருகிற வண்டிக்கெல்லாம் மூடியைக் கழற்றி அந்த டப்பாவில் போடுவான், திரும்ப மாட்டுகிற வேலை வைத்துக்கொள்ள மாட்டான், கையில் அழுத்தம் பார்க்கிற கேஜோடு நிற்கிறவன் மூடியைத் தேடிக்கொண்டிருப்பானா என்பது அவன் கட்சி.

வேலை முடிந்து பானட்டை மூடும்போது டீச்சர் கேட்டாள். "அந்த மூடி வேண்டாமா அண்ணாச்சி?"

தவசிக்கனி சிரித்தான். பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லாம் தனக்குத் தொழில் சொல்லித்தர வந்துவிட்டார்களே என்கிற சிரிப்பு. "அது சும்மா தூசிக்கு டீச்சர். உள்ள ஊசி மாதிரி பின் வால்வு இருக்கு, அது பிடிச்சுக்கிடும். நீங்க போங்க" என்றான்.

ஒன்பதாம் நாள் டீச்சர் திரும்பி வந்தாள். கேஜை மாட்டிப் பார்த்தால் முள் படுத்துக் கிடந்தது. தவசிக்கனிக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அன்றைக்கு வேறு எந்த வண்டியையும் தொடாமல், நைட்ரஜனை ஏற்றி இருநூற்றைம்பது பவுண்டு அழுத்தத்தில் நிறுத்தி, கம்ப்ரசரிலிருந்து கூலிங் காயில் வரைக்கும் மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். ஒரு குமிழி கிளம்பவில்லை, கேஜ் முள்ளும் காலையில் நின்ற இடத்திலேயே சாயங்காலமும் நின்றது. கசிகிற இடத்தில் பச்சையாக ஒளிரும் சாயத்தை ஏற்றி ஊதா விளக்கு அடித்துப் பார்த்தான். கேஜ் மாட்டுகிற வாயில் மட்டும் பச்சை தெரிந்தது, அங்கே குழாயிலிருந்து எப்போதும் ரெண்டு சொட்டு சிந்தத்தான் செய்யும் என்று துணியால் துடைத்துவிட்டான். கசிவைக் கண்டு கத்துகிற கருவியைக் கொண்டு வண்டி முழுக்க மோப்பம் பிடித்தான். அதுவும் அந்த வாயில் மட்டும்தான் கத்தியது, அங்கே அது எல்லா வண்டிக்கும் கத்தும் என்பது தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும். மூட்டுகளின் ரப்பர் வளையத்தை எல்லாம் புதிதாக மாற்றினான், கேஸை நிரப்பினான், அனுப்பினான். எட்டாம் நாள் டீச்சர் திரும்பி வந்தாள்.

மூன்றாவது தடவை அனுப்பிய பிறகுதான் பட்டறை வாசலில் அந்தக் குளிர் வந்து நின்றது.

முதலில் கண்டது ஒரு செவலை நாய். நடுமத்தியானத்தில், நிழல் என்று ஒரு பொட்டுக்கூட இல்லாத இடத்தில் அது சுருண்டு படுத்து நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த தயிர்க்காரி நாயை விரட்டப் போய், காலை உள்ளே வைத்தவள், அங்கேயே நின்றுவிட்டாள். ஒரு மாட்டுவண்டி நிற்கிற அளவு இடம், ஆள் உயரம், கண்ணுக்குத் தெரியாது. கையை நீட்டினால் விரல்களில் மார்கழி விடியல்போல் ஜில்லென்று ஏறி ரோமம் சிலிர்க்கும், முழங்கைக்கு இந்தப் பக்கம் வேர்த்து ஊற்றிக்கொண்டிருக்கும். டீச்சரின் காரில் இருந்து கசிந்த குளிர் அது. கார் பள்ளிக்கூடத்தில் நின்று கசிந்தாலும் சரி, வழியில் கசிந்தாலும் சரி, அந்தக் குளிர் காற்றோடு கலந்து போகாமல் தார் ரோடு வழியாக நடந்து வந்து தவசிக்கனியின் பட்டறை வாசலிலேயே சேர்ந்தது. வாரத்துக்கு வாரம் அந்தக் குளிர்மேடு பெரிதானது.

இது எப்படி என்று உலையடிப்பட்டியில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது யாருடைய இடத்தில் இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். அளந்து பார்த்ததில் பாதி பட்டறை வாசலிலும் பாதி பேரூராட்சிப் புறம்போக்கிலும் இருப்பது தெரிந்ததும் எல்லோருக்கும் நிம்மதியானது, அன்றைக்குச் சாயங்காலமே கயிறு கட்டிவிட்டார்கள். தயிர்க்காரி பானைகளை ஒரு ஓரத்தில் அடுக்கினாள், பூக்காரர்கள் மல்லிகைக் கூடைகளை இன்னொரு ஓரத்தில் வைத்தார்கள், பெண் பார்க்கும் சடங்கை அங்கே வைத்தால் பவுடர் வழியாது என்று தரகர் ஒருவர் சொல்ல வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் நேரம் ஒதுக்கினார்கள், பூசாரி ஒரு மஞ்சள் பூசிய கம்பை நட்டு இது அம்மன் இறங்கிய இடம் என்றார், அம்மனாக இருந்தாலும் அரசு நிலம் என்று சொல்லி சேர்மன் கம்பை ஓர் அடி தள்ளி நடவைத்து, பிறகு தானே மாலையோடு வந்து குளிரைத் திறந்துவைத்தார். 'குளிர் தந்த கோமகனே' என்று அவர் படத்தோடு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். குளிர் அதற்கு முன்பே பதினைந்து நாளாக அங்கே திறந்துதான் கிடந்தது.

இத்தனை வருடமாகக் கூட்டங்களில் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொண்டு பீரோவில் அடுக்கிவைத்திருந்த பொன்னாடைகள் முதன்முறையாக உபயோகத்துக்கு வந்தன. ஜவுளிக்கடையில் குரங்குக் குல்லா வந்து இறங்கியது. தும்முவது அந்தஸ்தானது, 'ரெண்டு நாளா ஒரே ஜலதோஷம்' என்று சொல்லிக்கொண்டு மூக்கை உறிஞ்சியபடி கடைவீதியில் நடந்தார்கள். போன வருடம் வரை வெயிலுக்காக மீசை முறுக்கியவர்கள் இப்போது சம்பந்தி வீட்டாருக்குப் போன் போட்டு, எங்க ஊருல ராத்திரி பகல் பாக்காம குளுருது, வரும்போது ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க என்றார்கள். தவசிக்கனி பட்டறைக்குள் இருந்தபடி இதையெல்லாம் பார்த்து, இந்த ஜனங்களுக்குச் சூடு கொடுத்தாலும் திமிர், குளிர் கொடுத்தாலும் திமிர் என்று பல்லைக் கடித்தான்.

கூட்டத்தைச் சமாளிக்க முன்வந்தவர் பூவலிங்கம். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஊத இடமில்லாமல் பையில் கிடந்த விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நம்பர் எழுதிய டோக்கன்களோடு கயிற்றருகே வந்து நின்றார். ஆளுக்குப் பத்து நிமிடம். ஏறுவதற்கு ஒரு விசில், இறங்குவதற்கு ரெண்டு விசில். உள்ளே முன்னே போங்க முன்னே போங்க, நடுவுல இடம் இருக்குல்லா என்று அவர் சத்தம் போடுவது பட்டறைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வெயிலில் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்ற ஒரே ஆள் அவர்தான், உத்தியோகத்துக்கு உடுப்பு முக்கியம் என்று நினைக்கிற ரகம்.

பங்குனி பிறந்ததும் சேர்மன் நாலு பேரோடு பட்டறைக்குள் வந்தார்.

"தவசி, ஒரு விஷயம். டீச்சரு வண்டியில அந்த ஓட்டையக் கண்டுபிடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நல்லது. மெதுவாப் பாரு."

"மெதுவாவா? டீச்சரு வேலைக்குப் போகணும்லா."

"ஏ, ஒரு டீச்சரு ஒத்தையா வண்டிக்குள்ள குளுந்துக்கிட்டுப் போறது முக்கியமா, ஊரே குளுருறது முக்கியமா? நீயே சொல்லு. அந்தம்மாவுக்கு என்ன, லீவப் போட்டா முடிஞ்சுது. நீ கேஸ மட்டும் அடிச்சு அடிச்சு விடு. ஓட்டை அது பாட்டுக்கு இருக்கட்டும்."

தவசிக்கனி அவர் மூஞ்சியில் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. அவர்கள் போன பிறகு கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து ஒரு டீ குடித்தான், டீ இறங்கியபோதுதான் தனக்கு உள்ளுக்குள் இதமாக இருப்பது அவனுக்கே தெரிந்தது. ஐந்து முறை தேடியும் கிடைக்காத ஓட்டை. இப்போது ஊரே கிடைக்க வேண்டாம் என்கிறது. இனிமேல் கண்டுபிடிக்காமல் போனால் அது தோல்வி இல்லை, ஊர் நன்மை. இந்த நினைப்பு வந்ததும் டீ கசந்தது, ஆனாலும் கிளாசில் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு வடிவு டீச்சரின் கார் நான்கு ஜன்னலும் இறக்கிய நிலையில் தட்டுத்தடுமாறி வந்து நின்றது. ஏசி அன்று காலையே செத்துவிட்டது. தலையில் போட்டிருந்த ஈரத்துண்டு வழியிலேயே காய்ந்து விறைத்துப் போயிருந்தது, முகம் சுட்ட செங்கல் நிறத்தில் இருந்தது, அதில் ஒரு துளி வேர்வை இல்லை. இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டு, நேராகக் குளிர்மேட்டை நோக்கி நடந்தாள். கயிற்றைத் தூக்கினாள். விசில் ஊதியது.

"டீச்சர், வரிசை, வரிசை. டோக்கன் எங்க?"

"தல சுத்துது அண்ணாச்சி. செத்த நேரம் நிக்கேன்."

"எல்லாருக்குந்தான் சுத்துது டீச்சர். படிச்சவங்க நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி? இந்தாங்க, நூத்தி நாப்பத்தி மூணு. இப்ப தொண்ணூத்தாறு ஓடுது."

உள்ளே நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். அது அவள் காரில் இருந்து வந்த குளிர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டார், இன்னொருவர் டோக்கனைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார், தயிர்க்காரி தன் பானையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

தவசிக்கனி ஓடிவந்து டீச்சரைக் கைத்தாங்கலாகப் பட்டறைக்குள் கூட்டிப்போய், பழைய டயரின் மேல் உட்காரவைத்து, ரேடியேட்டருக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரை அப்படியே அவள் தலையில் ஊற்றினான். இன்னொரு வாளி. இன்னொன்று. சேலையெல்லாம் சொட்டச் சொட்ட அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மூச்சு சீரானதும் பேசினாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். உங்களால முடியுமா, முடியாதா?"

தவசிக்கனி காலி வாளியைக் கீழே வைத்தான்.

"திங்கக்கிழமை பப்ளிக் பரீட்சை. நான் போகலன்னா ஹெச்செம் எழுதிக் கேப்பாரு. முடியலன்னா முடியலன்னு சொல்லிருங்க, நானும் முடியலன்னு எழுதிக் குடுத்துருதேன். வண்டிய வித்துருவேன். எங்கண்ணன் வீட்டுல ஒரு மூலை சும்மாத்தான் கிடக்கு."

"நாளைக்குச் சாயங்காலம் வாங்க டீச்சர்" என்றான் அவன்.

சனிக்கிழமை காலையிலிருந்து காரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தான். மறுபடியும் நைட்ரஜன். மறுபடியும் இருநூற்றைம்பது. மறுபடியும் முள் அசையவில்லை. வெளியே விசில் ஊதிக்கொண்டே இருந்தது. மத்தியானம் ஆனபோது அவனுக்கு வந்த ஆத்திரத்தில் யார் மேல் என்று கணக்கில்லை. சேர்மன் மேல், பூவலிங்கத்தின் குல்லா மேல், தும்மித் திரிகிற ஊர் மேல், இந்த ஈன வண்டியைச் செய்தவன் மேல், எல்லார் மேலும் வந்தது. கேஜின் நீலக் குழாயை வெடுக்கென்று பிடுங்கி எறிந்தான். தொண்டையிலிருந்து காறி, "தூ" என்று காரின் இதயத்திலேயே துப்பினான்.

எச்சில் போய் விழுந்தது குழாய் மாட்டும் வாயில், பின் வால்வின் மேல். விழுந்த இடத்தில் ஒரு குமிழி எழுந்தது. உடைந்தது. இன்னொரு குமிழி எழுந்தது.

தவசிக்கனி குனிந்தபடியே நின்றான். பின் வால்வு தேய்ந்திருந்தது. கேஜ் குழாயை மாட்டும்போது அந்தக் குழாயே வாயை அடைத்துக்கொள்ளும், முள் அசையாமல் நிற்கும், சோதித்துவிட்டு அவன் குழாயைக் கழற்றியதும் அந்த வழியாகவே மெல்லக் கசியும். அவன் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது அவனே. கண்ணை எடுத்த நேரமெல்லாம் ஓட்டை திறந்து கிடந்தது. கருவி கத்தியது, சாயம் பச்சை காட்டியது, துடைத்துவிட்டுப் போனான். பின் வால்வு தேய்ந்தால் கசிவை நிறுத்தத்தான் உள்ளே ரப்பர் வளையத்தோடு ஒரு மூடி வைத்து அனுப்புகிறார்கள். மேல்மூடி இருந்த வரைக்கும் எப்படியோ தாங்கிக்கொண்டிருந்த வண்டியை வாரம் ஒரு முறை காலி ஆக்கியது அவனுடைய கட்டைவிரல்.

அவன் பிஸ்கட் டப்பாவை இறக்கித் தரையில் கவிழ்த்தான். நீலமும் சிவப்பும் கறுப்புமாக நூற்றுக்கணக்கில் மூடிகள் கொட்டின, சில உருண்டு ஓடின. இருபத்தாறு வருடத்து மூடிகள். எத்தனை வண்டிகள் அவனிடமிருந்து போய்க் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துத் திரும்பி வந்திருக்கின்றன, அதற்கெல்லாம் எத்தனை முறை அடுத்த மெக்கானிக்கைத் திட்டியிருக்கிறான். வெளியே நிற்கிற குளிர் இருபத்திரண்டு கிலோமீட்டர் நடந்து ஏன் தன் வாசலைத் தேடி வந்தது என்பது அவனுக்கு அப்போது விளங்கியது. அவமானத்தில் அவனுக்குக் காது இரண்டும் எரிந்தன.

புதுப் பின் வால்வு போட்டான். குவியலில் இருந்து நல்ல வளையம் உள்ள ஒரு மூடியைத் தேடி எடுத்து விரலால் இறுக்கினான். டீச்சர் சாயங்காலம் வந்தபோது, "சரியாயிருச்சு" என்று மட்டும் சொன்னான். திறந்திருந்த பானட்டுக்குள் எட்டிப் பார்த்த அவள் என்ன கோளாறு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூலிங் காயிலில் மயிரிழை விரிசல் என்று சொல்வதற்கு அவன் தயாராக ஒரு பொய் வைத்திருந்தான்.

டீச்சர் திங்கட்கிழமை பரீட்சைக்குப் போனாள், செவ்வாய்க்கிழமை போனாள், எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் போனாள். கார் கண்ணாடிகள் ஏற்றியே இருந்தன.

வாசலில் இருந்த குளிர்மேடு வற்றத் தொடங்கியது. ஆள் உயரத்தில் இருந்தது நெஞ்சளவு ஆனது, தலையில் வேர்க்க வேர்க்கக் கால் நடுங்க நின்றார்கள். இடுப்பளவு ஆனது, குத்தவைத்து உட்கார்ந்தார்கள். கட்டில் உயரம் ஆனது, டோக்கனுக்கு நாலு பேராகப் படுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு குடம் அளவுக்குச் சுருங்கி, அதில் முறைவைத்துக் கட்டைவிரலை மட்டும் நனைத்தார்கள். சித்திரை முதல் வாரத்தில் அதுவும் இல்லை. அந்த இடத்தில் நூற்றிப் பத்து டிகிரி வெயில் மற்ற இடத்தில் அடிப்பதுபோலவே அடித்தது.

வரிசை மட்டும் குறையவில்லை. பொன்னாடை போர்த்திக்கொண்டு வந்தார்கள், டோக்கன் வாங்கினார்கள், கயிற்றுக்குள் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினார்கள், இன்னைக்குக் கொஞ்சம் மந்தமா இருக்கு, காத்து மேக்க இருந்து அடிக்குல்லா என்றார்கள். இல்லை என்று முதலில் சொல்கிற ஆளாக இருக்க ஒருவருக்கும் மனமில்லை. ஓட்டை அடைபட்டதை மோப்பம் பிடித்துவிட்ட வசதிக்காரர்கள் இன்னொரு வேலை செய்தார்கள். தங்கள் தங்கள் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, தவசி, என் வண்டி மூடியக் கழட்டிரு, எங்க வீட்டு வாசல்லயும் கொஞ்சம் குளுரு சேரட்டும் என்றார்கள். அவன் முடியாது என்று சொல்லி, மூடி இல்லாத வண்டிகளுக்கு மூடி மாட்டி அனுப்பினான். அவர்கள் வீட்டுக்குப் போய்க் கழற்றிப் போட்டுவிட்டு, கேஸ் எல்லாம் வீணாகிப் போன வண்டிகளோடு வேர்த்து வழியத் திரும்பி வந்தார்கள். சேர்மன் தன் மூன்று வண்டிகளுக்கும் அப்படிச் செய்துபார்த்தார். சேர்மன் வாசலில் ஒரு டம்ளர் அளவுக்குக்கூடக் குளிர் சேரவில்லை.

சித்திரை பதினெட்டாம் தேதி மத்தியானம் பூவலிங்கம் விழுந்தார். ஸ்வெட்டரும் குல்லாவும் மப்ளருமாக வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர், விசிலை வாயில் வைத்து ஊதப்போனவர், சத்தம் வராமல் அப்படியே கயிற்றின் மேல் சாய்ந்து தார் ரோட்டில் மல்லாந்தார். வரிசையில் நின்றவர்கள், குளுரு தாங்கல போலிருக்கு என்று சொல்லி ஆளுக்கொரு பொன்னாடையை எடுத்து அவர் மேல் போர்த்தினார்கள். தவசிக்கனி உள்ளிருந்து பாய்ந்துவந்து, "அட கூறுகெட்டவனுவளா!" என்று கத்தி ஆறு பொன்னாடைகளையும் இழுத்து எறிந்தான். ஸ்வெட்டரைக் கிழித்தான். உடம்பு அனலாகக் கொதித்தது.

அந்த நேரத்தில் விடைத்தாள் திருத்திவிட்டு அந்த வழியாக வந்துகொண்டிருந்த வெளிர்நீலக் கார் நின்றது. வடிவு டீச்சர் கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்த்தாள். இந்தச் சூடு என்ன செய்யும் என்பதை அந்த ஊரில் அவளைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது.

"ஏத்துங்க" என்றாள்.

பின் இருக்கையில் படுக்கவைத்து, தண்ணீர் பாட்டிலை அவர் நெஞ்சில் கவிழ்த்துவிட்டு, தவசிக்கனி முன்னால் ஏறி உட்கார்ந்தான். அரசு ஆஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர். டீச்சர் ஏசியைக் கூட்டிவைத்து ஓட்டினாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் காற்று ஐஸ் கட்டியிலிருந்து வருவதுபோல் வந்துகொண்டிருந்தது, தவசிக்கனிக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது பின்னால் முனகல் கேட்டது. பூவலிங்கம் கண்ணைத் திறந்து, கையைக் காற்றில் துழாவி, நடுங்கினார்.

"சொன்னேம்லா" என்றார் மெல்ல. "குளுரு எங்கயும் போகல. அப்படியேதான் இருக்கு. அடுத்தது யாரு, ஏறுங்க."

தவசிக்கனிக்குச் சிரிப்பும் வெறுப்பும் சேர்ந்து வந்தன. "பாத்தீகளா டீச்சர்? சாகக் கெடந்து எந்திரிச்சும் புத்தி வரலியே. இவனுவளை ஒண்ணும் பண்ண முடியாது. இந்த ஊருல ஒரு பயலுக்குக் கூறு கெடையாது."

டீச்சர் ரோட்டைப் பார்த்தபடியே கியரை மாற்றினாள்.

"விடுங்க அண்ணாச்சி. அவராவது எதையும் கழட்டி டப்பாவுல போடல."

சைக்கிளில் போன ஒருவருக்கு ஹாரன் அடித்துவிட்டு, மார்க் சொல்வதுபோல அதே குரலில் மறுபடியும் சொன்னாள். "நான் அன்னைக்கே கேட்டேன், அந்த மூடி வேண்டாமான்னு. நீங்க சிரிச்சீங்க."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசல் வரை பின்னாலிருந்து பூவலிங்கம் மட்டும் இடையிடையே நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வேர்க்காத டீச்சர் நிதானமாக ஓட்டினாள். அந்தக் குளிர்ந்த காருக்குள் தவசிக்கனிக்கு மட்டும் நெற்றியில் இருந்து கழுத்து வரை வேர்த்து வழிந்தது.